வண்டியில் போன மெழுகுவர்த்தி

எங்கள் குடியிருப்பு முனையில் ஒரு மாதா கெபி இருக்கிறது. சிமென்டில் செய்த பாறைக் குகை, அதற்குள் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் மாதா, சுற்றிலும் நீல சீரியல் பல்பு. பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. வருடம் முழுவதும் அதில் பூசை நேரம் எழுதியிருக்கும். யாராவது தவறிவிட்டால் அடக்க நேரம் எழுதியிருக்கும். ஆவணியில் பத்து நாள் மட்டும் அந்தப் பலகைக்கு வேறு வேலை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற எங்கள் பகுதி ஆட்கள் இன்றைக்கு எந்த ஊர் வரை போய்ச் சேர்ந்தார்கள் என்று தினமும் சாயங்காலம் அதில் எழுத வேண்டும். நாலு வருடமாக அதை எழுதுகிறவன் நான்.

இத்தனைக்கும் நான் கோயில் ஆள் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் தி.நகருக்குப் புடவைக் கடை வேலைக்கு வந்தவன். இரண்டு கடை மாறி, இன்றும் அதே தெருவில் பட்டுப் பிரிவில் நின்றுகொண்டிருக்கிறேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் கடைப் படி ஏறியதில்லை. என் மனைவி பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். லூப் ரோட்டில் மீன் விற்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இன்னும் 'கீது' என் வாயில் வரவில்லை, 'இருக்கு' அவள் வாயில் வரவில்லை. சாமியும் அப்படித்தான். அவளுடையது அவளுக்கு, என்னுடையது எனக்கு. சண்டை வந்தால் இரண்டு பேரும் அவரவர் சாமியிடம் அடுத்தவரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொள்வோம்.

பலகை என் கைக்கு வந்தது கையெழுத்தால். கடையில் 'ஆடித் தள்ளுபடி' முதல் 'புடவையைப் பிரிக்கும் முன் கேட்கவும்' வரை எழுதுகிறவன் நான்தான். முன்பு பலகை எழுதிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் பாலவாக்கத்துக்கு வீடு மாறிப் போய்விட்டார். அவருக்குப் பிறகு எழுதியவர் கையெழுத்தில் மரக்காணமும் மாமல்லபுரமும் ஒன்றுபோலத் தெரிந்தன. நடந்து போனவர்கள் ஒரே நாளில் முப்பது மைல் பின்னால் வந்துவிட்டார்களா என்று ஒரு வீட்டில் அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு சாக்பீஸை என்னிடம் கொடுத்தார்கள். திருநீறு பூசிய கை என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் வருடம் மூன்று வரி எழுதினேன்: ஊர், இன்று நடந்தது, மீதி. படிக்க வந்தவர்கள் மூன்றையும் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் போகாமல் நிற்பார்கள். என்னவென்று கேட்டால், எல்லாரும் ஒரே கேள்விதான். எங்க அண்ணன் கால் எப்டி கீது, எங்க அம்மா கால் எப்டி கீது. கிலோமீட்டரை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? நடக்கிறவர்கள் செருப்பில்லாமல் போகிறார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலைத் தார் அவர்கள் காலை என்ன செய்கிறது என்பதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து நாலாவதாக ஒரு வரி சேர்த்தேன். 'கால்: மூன்று பேருக்குக் கொப்புளம். மற்றவர் நலம்.' அந்த வரியைத்தான் முதலில் படித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடக்க முடியாதவர்கள் நடக்கிறவர்களிடம் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்துவிடுவார்கள். ஒரு முழ நீளம், நடுவில் நூலால் கட்டிய ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் வீட்டுப் பேர். அது இங்கிருந்து அங்கு வரை யாராவது ஒருவர் கையிலோ தோளிலோ நடந்தே போக வேண்டும். வண்டி ஏறக் கூடாது. அரிசி மூட்டையும் பாத்திரமும் பாயும் பின்னால் வருகிற குட்டியானைச் சரக்கு வண்டியில் வரலாம். மெழுகுவர்த்தி வரக் கூடாது. வண்டியில் போய்ச் சேருவது கடையில் வாங்கியது மாதிரி என்பார்கள். அப்படியென்றால் வேளாங்கண்ணியிலேயே வாங்கிக்கொள்ளலாமே, நடை எதற்கு?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம், ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நாற்பது புடவை பிரித்துப் போட்டு, அவர்கள் ஒன்றும் எடுக்காமல் எழுந்து போன பிறகு, நாற்பதாவதை மடிக்கும்போது எனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டு நாள் நான் உள்ளே, அவள் வெளியே வராந்தாவில். அப்போது வேண்டிக்கொண்டிருக்கிறாள். செருப்பில்லாமல், ஒரு அடி கூட வண்டி ஏறாமல் நடந்து வருகிறேன் என்று. அதை எனக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்து, வஞ்சிரம் வெட்டிக்கொண்டே, மாதா சீரியல் பல்பு மாற்ற வேண்டும் என்று சொல்கிற குரலில்.

டாக்டர் எனக்குச் சொன்னதும் நடக்கத்தான். தினமும் முக்கால் மணி நேரம். நான் அவரிடம் நியாயம் பேசினேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கடையில் நிற்கிறேனே, அது கணக்கில்லையா என்றேன். நிற்பது நடப்பதாகாது என்றார். மகள் ஒரு ஜோடி ஷூ வாங்கித் தந்தாள். அதைப் பெட்டியோடு பீரோ மேலே வைத்தேன். பாலுக்கு ஸ்கூட்டர், பேப்பருக்கு ஸ்கூட்டர், கெபிக்குப் பலகை எழுதப் போவதற்கும் ஸ்கூட்டர். வீட்டிலிருந்து கெபி தெரியும். மனைவி வாசலில் நின்று நான் வண்டியைக் கிளப்புவதைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். வாயாடி ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் பார்ப்பது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவ்வளவு மண்டு நான்.

வேண்டிக்கொண்ட மூன்றாவது வருடம் அவளுக்குப் போக வாய்த்தது. காவிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, தோளில் துணிப்பை. பையில் பதினான்கு வீட்டு மெழுகுவர்த்தி. லூப் ரோட்டில் அவளுக்குப் பக்கத்தில் மீன் விற்கிற தோழி தன் மகனுக்காகக் கொடுத்தது உட்பட. அந்தப் பையன் வளைகுடா நாட்டில் படகில் வேலை செய்கிறான். பதினைந்தாவது என்னுடையது. அவளே வாங்கி, அவளே சீட்டுக் கட்டி வைத்திருந்தாள். சீட்டில் எழுத மட்டும் என்னிடம் நீட்டினாள். என் பேரை நானே எழுதிக் கொடுத்தேன். விடியற்காலையில் சுமார் நாற்பது பேர் சின்னச் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு சாந்தோம் வழியாகப் போனார்கள். நான் அடையாறு பாலம் வரை ஸ்கூட்டரில் மெதுவாகக் கூடவே போய் வழியனுப்பினேன்.

அந்த வருடம் எனக்குச் செய்தி அனுப்புகிறவள் அவளே. சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்து ஜெபம் முடிந்ததும் கூப்பிடுவாள். நான் கடையிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து கெபி முன்னால் சாக்பீஸோடு நிற்பேன். என்னோடு நாலைந்து பேர் நிற்பார்கள். போன் ஸ்பீக்கரில் போட மாட்டேன். அவள் வாய் அப்படி. எத்தனை கிலோமீட்டர் என்று நான் கேட்டால், முதலில் என்ன சோறு, எந்த ஊரில் யார் மோர் கொடுத்தார்கள், எவள் குறட்டை விட்டாள் என்று சொல்வாள். ஆடுகிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு மறுபடி கிலோமீட்டர் கேட்பேன்.

"ரோட்டுக் கல்லு ஒண்ணு சொல்து, காலு ஒண்ணு சொல்து. நீ எத்த எழுதுவே?"

"கல் சொல்றதச் சொல்லு."

"அப்போ முப்பத்தி ரெண்டு."

கோவளம். கல்பாக்கம். கடப்பாக்கம். மரக்காணம். நாலு நாள் நாலு ஊர் எழுதினேன். காலில் அவளுக்குக் கொப்புளம் வந்தது இரண்டாம் நாள். மூன்றாம் நாள் அது உடைந்தது. இதையெல்லாம் பலகையில் 'ஒருவருக்கு' என்று எழுதினேன். எல்லாருக்கும் யாரென்று தெரியும்.

ஐந்தாம் நாள் போன் தாமதமாக வந்தது. குரலில் சத்தமே இல்லை. சாப்பாடு சொல்லவில்லை, குறட்டை சொல்லவில்லை. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கெபிக்குப் பின்பக்கம் போனேன்.

"வண்டில ஏறிட்டேன்யா" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். காலையிலிருந்தே காய்ச்சல் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கூனிமேடு தாண்டியதும் ரோட்டோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நடைக்குழுத் தலைவர் அவளைத் தூக்கிக் குட்டியானையில் போடச் சொல்லியிருக்கிறார். இவள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அவர் கேட்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் மெழுகுவர்த்திப் பையைக் கழற்றிப் பக்கத்தில் நடந்தவளிடம் கொடுத்து, இதைக் கீழே வைக்காதே, நடந்தே கொண்டுவா என்று சொல்லியிருக்கிறாள். காலாப்பட்டில் வண்டி நின்றதும் டிரைவரிடம் மீட்டர் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பதினோரு கிலோமீட்டர். மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது, காலையில் மறுபடி நடப்பாள்.

சரி, பையிலிருந்த மெழுகுவர்த்தி எல்லாம் நடந்துதானே வந்தது, பிறகென்ன என்றேன்.

"உன்னுது பையில இல்லய்யா. அத்த மட்டும் தனியா இடுப்புல சொருகி வெச்சிருந்தேன். ஒண்டியா கீட்டும்னு. காய்ச்சல்ல மறந்துட்டேன். அது என்கூட வண்டில வந்துட்ச்சு."

அழுதாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் அழுது நான் கேட்டது குறைவு. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். மாதாவுக்கு இதெல்லாம் தெரியாதா என்று சொன்னேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வருமென்று நானே நினைத்ததில்லை.

"போர்டுல எழுது" என்றாள். "ஒருத்தி வண்டில ஏறிட்டா, ஒரு மெழுகுவத்தி வண்டில வந்திச்சுன்னு எழுது. நம்மள நம்பித்தான குடுத்துட்டு உக்காந்துகினு கீறாங்க. மறைச்சா நல்லால்ல."

சரி என்றேன். முன்பக்கம் வந்தேன். மீன் விற்கிற தோழி நின்றுகொண்டிருந்தாள். அவளோடு இன்னும் மூன்று பேர். சாக்பீஸை எடுத்து, 'காலாப்பட்டு. அனைவரும் நடந்து சேர்ந்தனர். கால்: ஒருவருக்குக் கொப்புளம்' என்று எழுதினேன். எழுத்து எப்போதும்போல மணி மணியாக இருந்தது.

ஏன் அப்படி எழுதினேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், அவள் மானம் போகக் கூடாது என்று சொல்லியிருப்பேன். அது பாதிதான். மெழுகுவர்த்தி யாருடையது என்று நாலு பேர் கேட்பார்கள். என்னுடையது என்று தெரிந்ததும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று அன்று வரை நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்குப் படுத்ததும் இடது தோளில் ஏதோ பிடித்த மாதிரி இருந்தது. வாயுதான். ஆனாலும் எழுந்து உட்கார்ந்து கூனிமேட்டையும் காலாப்பட்டையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் கேட்ட முதல் கேள்வி எழுதினாயா என்பது. எழுதிட்டேன் என்றேன். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது மட்டும் உண்மை. ஏழாம் நாள் தோழி கெபி முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு, அண்ணி காலு புண்ணோட நடக்குது, என் பையனுக்காவத்தான் நடக்குதுன்னு நெனச்சிக்கினேன்ணா என்றாள். சாமந்திச் சரம் ஒன்றைப் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு மூன்று நாள் கூடத் தாங்கவில்லை; அந்தச் சரத்துக்குக் கீழே ஊர்ப் பேரை எழுதுவதே பாரமாக இருந்தது.

எட்டாம் நாளைக்கு லீவு சொன்னேன். எதற்கு என்று கேட்ட மேனேஜரிடம் டாக்டர் சொன்னார் என்றேன். சாந்தோமில் கோயிலுக்கு எதிரே ஒரு முழ மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி, சீட்டில் என் பேரை எழுதிக் கட்டினேன். எங்கள் கெபியிலிருந்து பாலவாக்கம் கடற்கரை ஏறத்தாழப் பதினோரு கிலோமீட்டர் என்று போன் காட்டியது. அவர்கள் போன அதே ரோடு, அதே திசை. வேண்டுமென்று தேடவில்லை, அப்படி அமைந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. காலில் பீரோ மேலிருந்து இறங்கிய ஷூ. பட்டினப்பாக்கம் வரை ராஜநடை. கடல்காற்று, ஆளில்லாத ரோடு, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது. அடையாறு பாலத்தின் மேலே வலது ஷூ 'சப் சப்' என்றது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முன்னாலிருந்து பாதி வரை பிரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. மூன்று வருடம் பெட்டிக்குள்ளேயே இருந்து பசை செத்துப்போயிருக்கிறது. நாலு அடி வைத்ததும் இடது ஷூவும் அதற்குத் துணை போனது. போட்டுக்கொண்டு தேய்ந்திருந்தால் கூடப் பரவாயில்லை. இரண்டையும் அடையாறு சிக்னல் அருகே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சாக்ஸையும் கழற்றினேன். அதற்கு மேல் வெறுங்கால்தான்.

எல்.பி. ரோட்டில் வெறுங்காலோடு, கையில் மெழுகுவர்த்தியோடு, நெற்றியில் திருநீறோடு ஒரு ஐம்பத்தைந்து வயது ஆள் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னை அந்த விஷயத்தில் நல்ல ஊர். ஷேர் ஆட்டோக்காரர்கள் மட்டும் விடவில்லை. பக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்து, பாலவாக்கம், நீலாங்கரை, ஏறு ஏறு என்றார்கள். ஒருவர், இடம் கீது வா பெரியவரே என்று பின் சீட்டைத் தட்டியே காட்டினார். முப்பது அடி தூரம் அவரோடு பேசிக்கொண்டு நடந்தேன். ஏறிவிடலாம் என்று அந்த முப்பது அடியும் தோன்றியது. அப்போதுதான் என் மனைவியின் நிலைமை எனக்குப் புரிந்தது. நான் நல்ல உடம்போடு, சொந்த ஊரில், ஐந்தாவது கிலோமீட்டரில் இப்படி நினைக்கிறேன். அவள் காய்ச்சலோடு நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகும் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள். ரோடு என்றும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திருவான்மியூர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டது. உள்ளங்காலில் மணல் ஒட்டினாற்போல இருந்தது. தட்டிப் பார்த்தால் மணல் இல்லை, தோல். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது. போன் அடித்தது. அவள். சீர்காழி தாண்டிவிட்டார்களாம், ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"எங்க கீற? பஸ்ஸு சத்தமா கேக்குது."

கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். வண்டி ஓட்டிக்கினே பேசாத என்று சொல்லி வைத்துவிட்டாள். நூறு மைலுக்கும் மேல் தள்ளி ஒரு மரத்தடியில் அவள், ஒரு பஸ் நிறுத்தத்தில் நான், இரண்டு பேர் காலிலும் செருப்பில்லை. சொல்லிவிட்டிருக்கலாம் என்று அவள் வைத்த பிறகு தோன்றியது.

கொட்டிவாக்கத்துக்கும் பாலவாக்கத்துக்கும் நடுவில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. கால் மட்டும்தான் நினைவிருக்கிறது. மூன்று வருடமாக 'கால்: கொப்புளம்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவந்தவன் நான். அந்த வார்த்தையை நான் எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறேன்! பாலவாக்கம் கடற்கரைக்குப் போனபோது போன் பத்தரை கிலோமீட்டர்தான் காட்டியது. ஏமாற்ற மனம் வரவில்லை. ஈரமணலில் வடக்கும் தெற்கும் அரை கிலோமீட்டர் நடந்து பதினொன்றைச் சரிசெய்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஒருவர் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, என்ன விழுந்தது என்று கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். நடந்து போகிறவர்களும் திரும்புவது பஸ்ஸில்தான்.

பத்தாம் நாள், 'வேளாங்கண்ணி. மீதி: இல்லை' என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவர்கள் பஸ் கெபி அருகில் வந்து நின்றது. அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். இளைத்திருந்தாள். தோழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எல்லாரும் முழுசா நடந்துட்டீங்க, போர்டுல படிச்சோம் என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். வாசலில் நின்று ஸ்கூட்டரைப் பார்க்கிற அதே பார்வை.

வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துத் தரையில் வைத்தாள். என்னுடையது. நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது. மற்றவர்களுடையதையெல்லாம் கொளுத்திவிட்டாளாம். இதைக் கொளுத்தக் கை வரவில்லையாம். பதினோரு கிலோமீட்டர் பாக்கி வைத்துக்கொண்டு எப்படிக் கொளுத்துவது, கால் ஆறியதும் இதோடு இங்கேயே எங்காவது நடந்து முடிக்கப் போகிறேன் என்றாள். எழுதாததற்கு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

நான் எழுந்து போய் பீரோவைத் திறந்து இன்னொரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். சீட்டைப் படித்தாள். இரண்டிலும் ஒரே பேர், ஒரே கையெழுத்து.

பாலவாக்கம் வரை போனேன் என்றேன்.

வண்டியிலா என்று கேட்டாள். நடந்து என்றேன். அவள் நம்பவில்லை. நான் அவளைப் பத்து நாள் கேட்ட மாதிரி அவள் என்னைக் கேட்க ஆரம்பித்தாள். எத்தனை மணிக்குக் கிளம்பினாய், எங்கே உட்கார்ந்தாய், எங்கே தண்ணீர் குடித்தாய், நான் போன் பண்ணப்போ எங்கே இருந்தாய். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஷூ பிய்ந்த இடத்தில் சிரித்துவிட்டாள். கடைசியில் என் வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து காய்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அவளுடைய கால் அதைவிடப் பத்து மடங்கு மோசமாக எதிரில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வராண்டாவுல நான் இன்னா கேட்டேன் தெரியுமா?" என்றாள்.

நான் பிழைக்க வேண்டுமென்று என்றேன்.

"பொழைக்க வெக்கிறத டாக்டரு பாத்துக்குவாருன்னாங்க. நான் கேட்டது அது இல்ல. எங்கப்பன் பொழச்சான், பொழச்சி நாலு வருஷம் கட்டில்லயே கெடந்தான். அத்தனால எங்காளு எந்திரிச்சி நடக்கணும் தாயேன்னு கேட்டேன். நீ நட, நானும் நடந்து வரேன்னு சொன்னேன். மூணு வருஷமா பாக்கறேன், நீ பாலுக்கு வண்டி எடுத்துக்கினு போற."

மூன்று வருடமாக வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. நான் பிழைத்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டது கிடைக்காமலே கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கிளம்பிப் போயிருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை; பலகைக்கும் சேர்த்துத்தான்.

அதெல்லாம் அப்புறம், முதல்ல எழுது என்றாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கெபிக்குப் போனோம். ஸ்கூட்டர் எடுக்கவில்லை. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்ட, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நொண்ட, இரண்டு நிமிடத் தூரத்துக்குப் பத்து நிமிடம் ஆனது. ஆணியில் வாடிப்போயிருந்த சாமந்திச் சரத்தை எடுத்துவிட்டு, பலகையை ஈரத்துணியால் துடைத்து எழுதினேன்.

'ஐந்தாம் நாள் செய்தியில் திருத்தம். ஒருவர் உடல்நலமின்றி 11 கி.மீ. வண்டியில் வந்தார். ஒரு மெழுகுவர்த்தியும் வண்டியில் வந்தது. மற்ற 14 மெழுகுவர்த்திகளும் நடந்தே சென்றன. விடுபட்ட 11 கி.மீ. பிறகு நடந்து முடிக்கப்பட்டது.'

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. யார் நடந்தது என்று எழுது என்றாள். அது எதற்கு என்றேன். ஏறினவ யாருன்னு எல்லாருக்கும் தெரியும், நடந்தவன் யாருன்னும் தெரியட்டும் என்றாள். நாலு வருடத்தில் அந்தப் பலகையில் நாற்பது பேர் நடையை எழுதியிருக்கிறேன். என் பேரை எழுத அன்றைக்குக் கை கூசியது. எழுதினேன். வழக்கத்துக்கு மாறாக எழுத்து கோணியிருந்தது.

அவள் குகை முன்னால் இரண்டு மெழுகுவர்த்தியையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டுக் கொளுத்தினாள். வளைந்தது கொஞ்சம் சாய்ந்தே எரிந்தது.

மீன் விற்று முடித்துக் கூடையோடு வந்த தோழி பலகை முன்னால் நின்றாள். முதலிலிருந்து கடைசி வரை உதடு அசையப் படித்தாள். மகனுடைய மெழுகுவர்த்தி பதினான்கில் ஒன்று என்று மறுபடி ஒரு முறை படித்துச் சரிபார்த்துக்கொண்டாள். நான் அவள் கோபத்துக்குத் தயாராக நின்றேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள், என் பேரைப் பார்த்தாள், பிறகு குனிந்து என் பாதத்தைப் பார்த்தாள்.

"காலு எப்டி கீதுண்ணா?" என்று கேட்டாள்.